காக்கப்பட்ட வீடும் காக்கப்படாத வீடுகளும்: தொரப்பள்ளி இராஜாஜி பிறந்த இல்லத்தைப் பனுவலாக வாசித்தல்

ஆய்வுச் சுருக்கம்

பழைய சேலம் மாவட்டத்தின் வடகோடியில், ஓசூருக்கு அருகே தென்பெண்ணைக் கரையில் அமைந்த தொரப்பள்ளியில், இராஜாஜி 1878ஆம் ஆண்டில் பிறந்த வீடு தமிழக அரசின் நினைவில்லமாகக் காக்கப்பட்டு வருகிறது. விக்டோரியா அரசியார் காலத்துக் குடியிருப்பு ஒன்று தனிமனிதப் பெருமையின் சின்னமாக மாறும்போது அதன் பொருள் எவ்வாறு சுருங்குகிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. வீடு நின்ற தெரு, பிறப்பு நிகழ்ந்த ஆண்டு, குடும்பம் வகித்த பதவி ஆகிய மூன்றும் ‘எளிய வீடு’ என்னும் ஒற்றைச் சொல்லுக்குள் மறைந்துவிடுகின்றன என்பது இதன் வாதம். இராஜாஜி தாமே தேர்ந்துகொண்ட புதுப்பாளையம் ஆசிரம வாழ்க்கை, அவர் கொண்டுவந்த 1953ஆம் ஆண்டுக் கல்வித்திட்டம், அவர் எழுதிய ‘திக்கற்ற பார்வதி’ ஆகியவற்றோடு இவ்வீட்டை ஒப்புநோக்கும்போது, காக்கப்படாத பிற வீடுகளும் நம் பார்வைக்குள் வருகின்றன.

திறவுச்சொற்கள்: நினைவில்லம், தொரப்பள்ளி, புதுப்பாளையம், தாது வருடப் பஞ்சம், கிராம முன்சீப், திக்கற்ற பார்வதி.

முன்னுரை

தமிழகத்தில் நினைவில்லங்கள் பல உள்ளன. எட்டயபுரத்தில் பாரதி பிறந்த வீடு, ஈரோட்டில் பெரியார் அண்ணா நினைவகம், கும்பகோணத்தில் கணிதமேதை இராமானுஜன் வாழ்ந்த வீடு, நாமக்கல்லில் கவிஞர் இராமலிங்கம் பிள்ளையின் இல்லம் எனப் பட்டியல் நீளும். இவற்றைப் பற்றிய எழுத்துகளில் பெரும்பாலானவை பயணக் குறிப்புகளாகவோ வாழ்க்கை வரலாற்று நூல்களின் முதற்பக்கங்களாகவோ அமைந்துள்ளன. வீட்டை ஒரு பனுவலாகக் கொண்டு, அது எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்று திறனாய்வு நோக்கில் கேட்கும் முயற்சிகள் குறைவு. இலக்கியப் பனுவலைப் போலவே நினைவில்லமும் தேர்வு, விலக்கல், வரிசைப்படுத்தல் ஆகிய செயல்களால் உருவாவது. எந்த அறையைத் திறப்பது, எந்தப் படத்தை மாட்டுவது, வாசலில் எந்தத் தொடரைப் பொறிப்பது என்பன யாவும் ஆசிரியச் செயல்களே.

பிறந்த வீட்டைப் பொதுச்சொத்தாக்கிக் காக்கும் வழக்கம் உலக அளவில் வலுப்பெற்றதும் விக்டோரியா காலத்தில்தான். ஸ்டிராட்ஃபோர்டில் ஷேக்ஸ்பியர் பிறந்த வீடு 1847இல் ஏலத்திற்கு வந்தபோது, பொதுநிதி திரட்டப்பட்டு நாட்டிற்காக வாங்கப்பட்டது. லண்டனில் புகழ்பெற்றோர் வாழ்ந்த வீடுகளில் நினைவுப் பலகை பதிக்கும் முயற்சி 1860களில் தொடங்கியது. ‘இங்கு இவர் பிறந்தார்’ என்னும் தொடர் ஒரு கட்டடத்தைப் புனிதமாக்கப் போதுமானது என்ற எண்ணம் அக்காலத்துக்குரியது. ஆகவே, தொரப்பள்ளி வீடு இரு வகையில் விக்டோரியா காலத்தைச் சார்ந்தது: அது அக்காலத்தில் குடியிருக்கப்பட்ட வீடு, அது காக்கப்படும் முறையும் அக்காலத்தில் உருவானது. இவ்விரண்டிற்கும் இடையிலுள்ள முரணே இக்கட்டுரையின் தொடக்கப்புள்ளி.

1. வீடும் அதன் தெருவும்

அரசு ஆவணங்களில் இவ்வூரின் பெயர் ‘தொரப்பள்ளி அக்ரகாரம்’. ஊர்ப்பெயரிலேயே தெரு இருக்கிறது. அக்ரகாரம் என்பது வீடுகளின் வரிசை. ஒன்றோடொன்று ஒட்டிய சுவர்களும் ஒரே நேர்க்கோட்டில் அமைந்த திண்ணைகளும் சேர்ந்து உருவாக்கும் ஓர் அமைப்பு. அங்கே ஒரு வீட்டின் பொருள் அடுத்த வீட்டால் தீர்மானிக்கப்படுகிறது. யார் திண்ணை வரை வரலாம், யார் நடை வரை வரலாம், யார் தெருவின் தொடக்கத்திலேயே நின்றுவிட வேண்டும் என்பன எழுதப்படாத சட்டங்களாக அத்தெருவில் செயல்பட்டன.

நினைவில்லமாக்கும் செயல் முதலில் செய்வது இந்த வரிசையிலிருந்து ஒரு வீட்டைப் பிரித்தெடுப்பது. பிரித்தெடுக்கப்பட்டதும் அது ‘இராஜாஜியின் வீடு’ ஆகிறது. ‘அத்தெருவின் ஒரு வீடு’ என்ற தன்மையை இழக்கிறது. கும்பகோணத்தில் சாரங்கபாணி சன்னதித் தெருவில் உள்ள இராமானுஜன் இல்லத்தை இதனோடு ஒப்பிடலாம். சாஸ்த்ரா பல்கலைக்கழகத்தின் பராமரிப்பில் உள்ள அவ்வீடு நகரின் நடுவில், கோயிலை நோக்கிச் செல்லும் தெருவில் இருப்பதால், பார்வையாளர் வீட்டுக்குள் நுழையும் முன்பே தெருவைப் படித்துவிடுகிறார். கோபுரமும் தெருவும் வீட்டிற்கு உரை எழுதுகின்றன. சிற்றூர் ஒன்றில் அமைந்த நினைவில்லத்திற்கு அத்தகைய உரை தானாகக் கிடைப்பதில்லை. அதனை ஆய்வாளர்தான் எழுத வேண்டியிருக்கிறது.

ஓசூர் வட்டாரம் தமிழ், தெலுங்கு, கன்னடம் ஆகிய மும்மொழிகளும் புழங்கும் எல்லைப்புறம். பழைய சேலம் மாவட்டத்தைத் தலகாட், பாரமகால், பாலகாட் என மூன்றாகப் பகுப்பர். மைசூர்ப் பீடபூமியின் பகுதியான பாலகாட்டில் ஓசூர் அடங்கும். சேலம், நாமக்கல் சமவெளிகள் தலகாட்டைச் சேர்ந்தவை. 1792இல் திப்பு சுல்தானிடமிருந்து பாரமகாலும் தலகாட்டும் கும்பினியின் கைக்கு வந்தன. 1799க்குப் பின் பாலகாட் வந்தது. 1965இல் தருமபுரி மாவட்டமும் 2004இல் கிருஷ்ணகிரி மாவட்டமும் பிரிக்கப்பட்ட பின், தொரப்பள்ளி சேலத்தின் நினைவிலிருந்து நிர்வாக அளவில் விலகிவிட்டது. எனினும் இராஜாஜியின் வாழ்க்கை மேட்டுநிலத்திலிருந்து சமவெளிக்கு இறங்கிய பாதையாகவே அமைந்தது. தொரப்பள்ளியில் பிறந்தவர் சேலத்தில் வழக்கறிஞராகி, திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் ஆசிரமவாசியானார். ஒரே மாவட்டமாக இருந்த நிலப்பரப்புக்குள் நிகழ்ந்த இப்பயணத்தை இன்றைய மாவட்ட எல்லைகளுக்குள் நின்று படித்தால் அதன் தொடர்ச்சி தெரியாது.

2. 1878 என்னும் ஆண்டு

இராஜாஜி பிறந்த நாள் 1878 டிசம்பர் 10. இந்நாளை நினைவில்லத்தின் மைய உண்மையாகக் கொள்ளும் நாம், அவ்வாண்டினை வெறும் எண்ணாகவே கடந்துவிடுகிறோம். 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவை அழித்த பெரும்பஞ்சம், தமிழர் நினைவில் தாது வருடப் பஞ்சமாக நிலைத்தது, அப்போதுதான் ஓய்ந்திருந்தது. சென்னை மாகாணத்தில் மிகக் கடுமையாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களுள் சேலமும் ஒன்று. 1871ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஏறத்தாழ 19.7 இலட்சமாக இருந்த மாவட்ட மக்கள்தொகை 1881இல் ஏறத்தாழ 16 இலட்சமாகக் குறைந்தது. பிறப்புகளையும் கூட்டிய பின்னும் இவ்வளவு குறைவு என்றால் இழப்பின் அளவை ஊகிக்கலாம்.

இப்பஞ்சம் உச்சத்தை நெருங்கிய வேளையில்தான், 1877 ஜனவரி 1 அன்று, டெல்லி தர்பாரில் விக்டோரியா இந்தியாவின் பேரரசியாக அறிவிக்கப்பட்டார். அதே மாதத்தில் பஞ்ச நிவாரணச் செலவைக் கட்டுப்படுத்த அனுப்பப்பட்ட ரிச்சர்டு டெம்பிள், நிவாரணப் பணியாளருக்கான கூலியை ஓராளுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும் என்ற அளவிற்குக் குறைத்தார். சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ் இதனைக் கடுமையாக எதிர்த்தார். ‘விக்டோரியா காலத்து வீடு’ என்னும் தொடர் கட்டடக்கலை நயத்தை நினைவூட்டுவது. சேலம் மாவட்டத்தில் அத்தொடருக்கு இந்த வரலாற்றையும் பொருளாகக் கொள்ள வேண்டும்.

பஞ்சத்தில் இறந்தவர்களுக்கு வீடுகள் இல்லை என்பதல்ல, அவ்வீடுகள் நிற்கவில்லை. மண்சுவரும் புல்வேய்ந்த கூரையும் கொண்ட குடிசை, ஆண்டுதோறும் கூரை மாற்றி, சுவர் மெழுகி வந்தால்தான் நிற்கும். அதனைப் பேண ஆளில்லாமற்போன அடுத்த சில மழைக்காலங்களில் அது மண்ணோடு மண்ணாகிவிடும். ஆக, எந்த வீடு காக்கப்படும் என்பதை நினைவுக்கு முன்பே கட்டுமானப் பொருள் தீர்மானித்துவிடுகிறது. ஓடும் மரமும் நூற்றாண்டைத் தாங்கும். புல்லும் மண்ணும் தாங்கா. நினைவின் அரசியலைப் பற்றிப் பேசும் ஆய்வுகள் இப்பருப்பொருள் உண்மையைப் போதிய அளவு கருதுவதில்லை.

அவ்வீடுகளின் நினைவு வேறொரு வடிவத்தில் எஞ்சியது. கொங்குப் பகுதியில் தோன்றிய பஞ்சக்கும்மிகளைப் புலவர் செ. இராசு திரட்டிப் பதிப்பித்துள்ளார். பஞ்சக்கும்மி என்னும் வகைமையை நாட்டார் இலக்கியத்தின் ஒரு கிளையாக மட்டும் வகைப்படுத்துவது நம் பாடத்திட்ட வழக்கம். கட்டடமாக எஞ்ச இயலாத வீடுகளின் நினைவில்லமாகவும் அதனைக் கொள்ள இடமுண்டு. ஓட்டு வீடு கல்வெட்டுப் பெறுகிறது. குடிசை கும்மி பெறுகிறது. இரண்டையும் ஒருசேர வாசிக்கும்போதுதான் 1878 முழுமையடைகிறது.

3. முன்சீப் வீடு: எளிமையின் அளவுகோல்

இவ்வீட்டைப் பற்றிப் பேசுவோர் பெரிதும் பயன்படுத்தும் சொல் ‘எளிமை’. இந்தியாவின் முதல் இந்தியத் தலைமை ஆளுநராக உயர்ந்தவர் இச்சிறிய ஓட்டு வீட்டில் பிறந்தார் என்னும் வியப்பு அச்சொல்லின் பின்னணியில் உள்ளது. டெல்லியின் மாளிகையிலிருந்து பார்க்கும்போது வீடு சிறியதே. தொரப்பள்ளியின் வயலிலிருந்து பார்த்தால் அளவுகோல் மாறுகிறது.

இராஜாஜியின் தந்தை சக்கரவர்த்தி ஐயங்கார் அவ்வூரின் முன்சீப். கிராம முன்சீப் என்பவர் வெறும் எழுத்தர் அல்லர். நிலவரி வசூல் அவர் பொறுப்பு. 1816ஆம் ஆண்டுச் சட்டம் சிறு தொகை வழக்குகளை விசாரித்துத் தீர்ப்பளிக்கும் அதிகாரத்தை அவருக்கு அளித்தது. ஊரின் பிறப்பு இறப்புகளைப் பதிவது கிராம அதிகாரிகளின் கடமைகளுள் ஒன்று. அலெக்சாண்டர் ரீடும் தாமஸ் மன்றோவும் 1790களில் இதே சேலம் நிலப்பரப்பில் சோதித்துப் பார்த்த இரயத்துவாரி முறை, அரசுக்கும் உழவனுக்கும் இடையே ஜமீன்தார் வேண்டாம் என்றது. ஆனால் அவ்விடத்தில் கிராம அதிகாரியைத் தவிர்க்க முடியாதவராக்கியது. பரம்பரையாகத் தொடர்ந்த இப்பதவிகள் தமிழகத்தில் 1980இல்தான் ஒழிக்கப்பட்டன.

எனவே, முன்சீப்பின் வீடு குடியிருப்பும் அலுவலகமும் சேர்ந்தது. கிஸ்தி கட்ட வருபவனுக்கும் வழக்குச் சொல்ல வருபவனுக்கும் அதுவே அரசாங்கத்தின் வாசல். கூரை உயரத்தையும் அறைகளின் எண்ணிக்கையையும் கொண்டு அதன் எளிமையை அளப்பது, அந்த வாசலில் கைகட்டி நின்றவனின் பார்வையை விட்டுவிடுவதாகும். பஞ்ச ஆண்டுகளில் ஊர்தோறும் இறப்புக் கணக்கு எழுதியவர்கள் கிராம அதிகாரிகளே என்பதையும் இங்கே நினைக்க வேண்டும். கணக்கு எழுதும் பதவிக்குரிய வீடு நிற்கிறது. கணக்கில் ஏறியவர்களின் வீடுகள் நிற்கவில்லை. இது தனிமனிதர் மீதான குற்றச்சாட்டன்று. காலனிய ஊரமைப்பின் இயல்பு. நினைவில்லம் அவ்வியல்பைக் காட்டும் அரிய சான்றாக இருந்தும், எளிமை என்னும் சொல் அதனைச் சான்றாக விடாமல் தடுக்கிறது.

4. புதுப்பாளையம்: தேர்ந்துகொண்ட வீடு

‘எளிய வீட்டில் பிறந்தார், எளிமையாக வாழ்ந்தார்’ என்று கோப்பது இராஜாஜிக்கே இழைக்கப்படும் அநீதி என்பது இக்கட்டுரையின் அடுத்த வாதம். அவ்வாறு கோக்கும்போது, எளிமை பிறப்பால் வந்த இயல்பாகிவிடுகிறது. வரலாறு அப்படிச் சொல்லவில்லை.

குழந்தைப் பருவத்திலேயே குடும்பம் ஓசூருக்குப் பெயர்ந்தது. 94 ஆண்டு வாழ்வில் தொரப்பள்ளி வீட்டுக்குரியவை தொடக்கச் சில ஆண்டுகளே. ஓசூர்ப் பள்ளி, பெங்களூர் மத்தியக் கல்லூரி, சென்னையில் சட்டப்படிப்பு எனக் கடந்து, 1900இல் சேலத்தில் வழக்கறிஞர் தொழிலைத் தொடங்கினார். குற்றவியல் வழக்குகளில் புகழும் பெரும் வருவாயும் பெற்றார். 1917 முதல் 1919 வரை சேலம் நகராட்சித் தலைவராக இருந்தார். ஒத்துழையாமை இயக்கத்தின்போது தொழிலை விட்டார். 1921 இறுதியில் கைதாகி வேலூர்ச் சிறையில் இருந்தார்.

1925 பிப்ரவரி 6 அன்று திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் தொடங்கப்பட்டது. நிலத்தை அளித்தவர் ஊர் ஜமீன்தார் இரத்தினசபாபதிக் கவுண்டர். திறந்துவைத்தவர் அப்போது காங்கிரசில் இருந்த ஈ.வெ. இராமசாமி. சேலம் நகரத்து வசதிகளை விட்டு, மழை குறைந்த மேட்டுக்காட்டில் இராஜாஜி பல ஆண்டுகள் குடியிருந்தார். கதர் உற்பத்தி, மதுவிலக்கு, தீண்டாமை ஒழிப்பு ஆகியவை ஆசிரமத்தின் பணிகள். தாழ்த்தப்பட்டோரை உடன்வைத்து வாழ்ந்ததால் சுற்றுப்புறச் சாதியினரின் எதிர்ப்பைத் தொடக்கத்தில் அது சந்தித்தது. 1929இல் ‘விமோசனம்’ என்னும் மதுவிலக்கு இதழ் இங்கிருந்து வெளிவந்தது. துணையாசிரியராக வந்து தங்கியவர் கல்கி. நவீனத் தமிழ் உரைநடை வரலாற்றில் இடம்பெற வேண்டிய முகவரி இது.

தொரப்பள்ளியும் புதுப்பாளையமும் தோற்றத்தில் ஒத்தவை போலத் தோன்றலாம், பொருளில் எதிரானவை. முன்னது தெருவின் விதிகளுக்குட்பட்ட வீடு. பின்னது அவ்விதிகளை மீறி அமைத்த குடியிருப்பு. முன்னதில் அவர் பிறந்தார். பின்னதை அவர் தேர்ந்தார். பிறப்பிடத்தை முதன்மைப்படுத்தும் நினைவுமுறை தேர்வைப் பின்னுக்குத் தள்ளுகிறது. ஒருவரை மதிப்பதற்கு அவரது பிறப்பைவிட அவரது முடிவுகளே தகுந்த அடிப்படை என்றால், இராஜாஜியின் நினைவில்லம் என்னும் தகுதியில் புதுப்பாளையமே முதலில் நிற்கத்தக்கது.

5. வீட்டைப் பள்ளியாக்கிய திட்டம்

இராஜாஜியின் சிந்தனையில் ‘வீடு’ என்னும் கருத்து மீண்டும் மையம் பெற்றது 1953இல். முதலமைச்சராக அவர் கொண்டுவந்த மாற்றுத் தொடக்கக் கல்வித்திட்டம், ஊர்ப்புறப் பள்ளி நேரத்தை நாளொன்றுக்கு மூன்று மணியாகக் குறைத்து, எஞ்சிய பொழுதில் குழந்தைகள் பெற்றோரின் தொழிலைக் கற்கட்டும் என்றது. பள்ளிகளின் பற்றாக்குறையைச் சமாளிக்க ஒரே கட்டடத்தில் இருமடங்கு மாணவரைச் சேர்க்கலாம் என்பது அதன் நிர்வாக நியாயம். திராவிட இயக்கம் அதனைக் குலக்கல்வித் திட்டம் என்றழைத்துப் போராடியது. 1954இல் இராஜாஜி பதவி விலகினார், காமராசர் முதல்வரானார், திட்டம் கைவிடப்பட்டது.

இத்திட்டம் பற்றிய விவாதங்கள் பெரும்பாலும் நோக்கத்தைச் சுற்றியே நிகழ்ந்துள்ளன: நல்லெண்ணமா, சாதிய எண்ணமா என்று. தொரப்பள்ளி வீட்டின் முன் நின்று இதைக் கேட்டால் வினா வேறாகிறது. திட்டம் ‘வீடு’ என்ற சொல்லை ஒருபொருட் சொல்லாகக் கொண்டது. எல்லா வீடுகளும் ஏதேனும் ஒன்றைக் கற்பிக்கும் என்பது உண்மை. ஆனால் முன்சீப்பின் வீடு கணக்கையும் எழுத்தையும் சட்டத்தையும் கற்பிக்கும். பண்ணையாளின் வீடு பண்ணை வேலையைக் கற்பிக்கும். முதல் வீட்டில் அரைநாள் தங்கும் குழந்தை இழப்பது சிறிது. இரண்டாம் வீட்டில் அரைநாள் தங்கும் குழந்தை இழப்பது பள்ளி என்னும் ஒரே மாற்றுவழியில் பாதி.

மேலும், இராஜாஜியின் குடும்பமே கல்விக்காக வீட்டை விட்டுப் பெயர்ந்த குடும்பம். தொரப்பள்ளியிலிருந்து ஓசூருக்கும், பெங்களூருக்கும், சென்னைக்கும் அந்தச் சிறுவன் சென்றதன் பொருள், வீடு போதாது என்று அக்குடும்பம் அறிந்திருந்தது என்பதே. தொரப்பள்ளி வீடு சொல்லும் மிக முக்கியமான செய்தி ‘இங்கு அவர் பிறந்தார்’ என்பதைக் காட்டிலும் ‘இங்கிருந்து அவர் படிக்கப் போனார்’ என்பதாக இருக்க வேண்டும். 1953ஆம் ஆண்டுத் திட்டத்தின் மீதான வலுவான மறுப்பு, அதனை முன்மொழிந்தவரின் பிறந்த வீட்டிலேயே இருக்கிறது.

6. பார்வதியின் வீடு

தமிழ் வழக்கில் ‘பிறந்த வீடு’ என்பது பெண்ணின் சொல். புகுந்த வீட்டிற்கு எதிர்நிலையில் நின்று பொருள்தருவது அது. ஆணுக்குப் ‘பிறந்த வீடு’ என்ற வழக்கு அன்றாடப் பேச்சில் அரிது. நினைவில்லப் பலகைகளில்தான் அது மிகுதி. விட்டுப் பிரிய வேண்டிய இடம் என்ற பெண்வழிப் பொருள், பெருமைக்குரிய தோற்றுவாய் என்ற ஆண்வழிப் பொருளாகப் பலகையில் மாறுகிறது. இம்மாற்றத்தை வெளிப்படுத்தும் பனுவல் இராஜாஜியே எழுதிய ‘திக்கற்ற பார்வதி’.

ஒரு சிற்றூர்க் குடும்பம் கணவனின் குடியாலும் கடனாலும் சிதைவதையும், அச்சிதைவின் முழுச்சுமையும் மனைவியின் மேல் விழுவதையும் சொல்லும் கதை அது. ‘திக்கற்ற’ என்ற அடை தற்செயலானதன்று. பிறந்த வீடும் புகுந்த வீடும் இரண்டு திக்குகள். இரண்டும் இல்லாமற்போனவளே திக்கற்றவள். மதுவிலக்குப் பிரசாரக் கதை என்று இதனைச் சுருக்கிவிடும் திறனாய்வு, அதிலுள்ள வீடிழப்பின் துல்லியத்தைக் காணத் தவறுகிறது. குடி என்பது இக்கதையில் ஒழுக்கக் குறைவாக மட்டும் வரவில்லை. கடன், வழக்கு, மானம் என்ற கண்ணிகளின் வழியே ஒரு வீட்டைக் கைமாற்றும் பொருளியல் செயலாகவும் வருகிறது. சேலத்தில் குற்றவியல் வழக்குகளை நடத்தியவரின் பட்டறிவு இதில் உள்ளது. 1937 அக்டோபர் 1 அன்று இந்தியாவிலேயே முன்னோடி முயற்சியாக மதுவிலக்கு நடைமுறைக்கு வந்த மாவட்டமும் சேலமே என்பதை இதனோடு சேர்த்துக் கருதலாம்.

இக்கதையைச் சிங்கீதம் சீனிவாச ராவ் 1974இல் திரைப்படமாக்கினார். இலட்சுமியும் ஸ்ரீகாந்தும் நடித்த அப்படம் தமிழின் சிறந்த படத்துக்கான தேசிய விருதைப் பெற்றது. படப்பிடிப்பு நடந்த இடம் தொரப்பள்ளி. 1971இல் தமிழகத்தில் மதுவிலக்கு விலக்கிவைக்கப்பட்டதை 92 வயதில் எதிர்த்து, 1972 டிசம்பரில் இராஜாஜி மறைந்த சிறிது காலத்திற்குள் அவர் பிறந்த ஊரிலேயே அவர் கதை படமானது என்பது கவனத்திற்குரியது.

இதன் விளைவாக, தொரப்பள்ளி இரு முறை காக்கப்பட்டுள்ளது. ஒன்று, அரசு காத்த வீடு: அதில் ஒரு பெரியவரின் பிறப்பு நிலைநிறுத்தப்பட்டுள்ளது. மற்றொன்று, படச்சுருள் காத்த ஊர்: அதில் 1970களின் தெருக்களும் வாசல்களும் வயல்களும், பெயரற்ற ஒரு பெண்ணின் வீழ்ச்சியைச் சுமந்து நிற்கின்றன. முதலாவதைச் செய்தவர் அரசு. இரண்டாவதற்குக் கதை தந்தவர் இராஜாஜி. காக்கப்படாத வீட்டை எழுத்தில் காத்தவர் காக்கப்பட்ட வீட்டிற்குரியவரே. அவரை ஆட்சியாளராக மட்டும் நினைவுகூரும் இல்லம், அவருடைய எழுத்தின் இச்சாதனையை மறந்துவிடுகிறது.

7. காக்கும் முறைகள்

பெயரற்றோரின் வீட்டையும் காக்கலாம் என்பதற்கு முன்மாதிரிகள் உண்டு. நியூயார்க்கில் 1988இல் நிறுவப்பட்ட குடியிருப்பு அருங்காட்சியகம், குடியேறிய தொழிலாளர்கள் நெருக்கியடித்து வாழ்ந்த அடுக்குவீட்டைக் காக்கிறது. சென்னைக்கு அருகே 1996இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ராவில் நெசவாளர், குயவர், உழவர் வீடுகளும் அக்ரகார வீடும் அருகருகே நிறுத்தப்பட்டுள்ளன. பெயர்த்துக் கொண்டுவந்து அமைக்கும் இம்முறையில் வீடுகளின் வகை தெரியும். ஆனால் ஊரில் அவற்றிடையே இருந்த தொலைவு தெரியாது. அக்ரகாரத்திற்கும் குயவர் வீட்டிற்கும் இடையே சில அடிகளே இருப்பது காட்சிக்கு வசதி, வரலாற்றுக்குப் பிழை. நினைவில்லம் பிறந்த மண்ணிலேயே நிற்பதால் அத்தொலைவைக் காட்டும் வாய்ப்பு அதற்கு மட்டுமே உண்டு.

தொரப்பள்ளியில் இதற்குப் பெருஞ்செலவு தேவையில்லை. ஊரின் தெருக்களையும் குடியிருப்புகளையும் காட்டும் ஒரு வரைபடம், 1871, 1881 கணக்கெடுப்புகளின் சேலம் மாவட்ட எண்கள், கிராம முன்சீப்பின் கடமைகளை விளக்கும் ஒரு பலகை, ஒரு பஞ்சக்கும்மியின் ஒலிப்பதிவு, ‘திக்கற்ற பார்வதி’ படத்தின் தொரப்பள்ளிக் காட்சிகள், புதுப்பாளையத்திற்கு வழிகாட்டும் குறிப்பு ஆகியவை போதும். இவற்றுள் எதுவும் இராஜாஜியின் பெருமையைக் குறைக்காது. அவர் எதிலிருந்து விலகினார் என்பதைக் காட்டி அதனைக் கூட்டவே செய்யும்.

முடிவுரை

நினைவில்லத்தைப் பற்றிய திறனாய்வுக்கு இரண்டு எளிய வழிகள் உண்டு. ஒன்று, எளிமையைப் போற்றி வணங்கித் திரும்புவது. மற்றொன்று, ஆதிக்கச் சின்னம் என்று கூறி விலக்கிவிடுவது. இரண்டும் வீட்டைப் படிக்காமலே முடிவுக்கு வருபவை. தொரப்பள்ளி வீட்டைத் தெருவோடும் ஆண்டோடும் பதவியோடும் சேர்த்து வாசிக்கும்போது, அது வணக்கத்திற்கோ வெறுப்பிற்கோ உரிய பொருளாக நில்லாமல் சான்றாகிறது. 1876க்கும் 1881க்கும் இடையே சேலம் மாவட்டத்தில் எந்தக் கூரைகள் நின்றன, எவை விழுந்தன என்பதற்கான சான்று. ஒரு வீட்டிலிருந்து கிளம்பியவர் அதன் விதிகளை எங்கே மீறினார், எங்கே மறந்தார் என்பதற்கான சான்று.

இவ்வாசிப்பு தொரப்பள்ளியோடு முடியக்கூடியதன்று. தமிழகத்தின் ஒவ்வொரு நினைவில்லத்தையும் அதன் ஊரின் வருவாய் ஆவணங்கள், கணக்கெடுப்பு எண்கள், வாய்மொழிப் பாடல்கள் ஆகியவற்றோடு இணைத்து ஆராயும் பணி எஞ்சியுள்ளது. இதில் வாய்மொழிப் பாடல்களே அவசரமானவை; ஓட்டுக் கூரையைப் பழுதுபார்க்க அரசு இருக்கிறது, கும்மியை நினைவில் வைத்திருக்கும் முதியவர்களோ ஆண்டுதோறும் குறைந்துகொண்டே வருகிறார்கள்.